நாலு சொட்டு கூலன்ட்டை அலட்சியம் செய்யலாமா?

நிறுத்திய காருக்கு அடியில் பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ நாலு சொட்டு. பலரும் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டு வண்டியைக் கிளப்புகிறார்கள்.

அங்கேதான் வினை. கூலன்ட்டை இன்ஜினுக்குள் சுழலவிடும் வாட்டர் பம்ப்பின் உடலில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளிருக்கும் சீல் தேய்ந்தால், கூலன்ட் பேரிங்குக்குள் புகாமல் அந்தத் துளை வழியே கசியும். அந்த எச்சரிக்கையைக் கவனிக்காவிட்டால் பேரிங் ஆட்டம் காணும், இன்ஜின் கொதிக்கும், ஹெட் கேஸ்கட் போகும், அலுமினிய சிலிண்டர் ஹெட்டே வளையலாம். ஊற்றிய குழாய்த் தண்ணீரின் உப்போ உள்ளே துருவையும் படிவையும் சேர்க்கும்.

ஃபோக்ஸ்வேகனின் 1.6 லிட்டர் டிடிஐ டீசல் இன்ஜினில் பம்ப்பைச் சுழற்றுவதே டைமிங் பெல்ட்தான். பம்ப் இறுகினால் பெல்ட் அறுந்து, பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். பம்ப்பை எட்டவும் பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும். எனவே பெல்ட்டோடு பம்ப்பையும் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுப்பதுதான் வீண்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. அதற்கு பெல்ட்டே கிடையாது.

ஒர்க்‌ஷாப்புகளுக்கும் கடமை உண்டு. கழற்றிய பம்ப்பை உரிமையாளர் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்து, தயாரிப்பாளர் சொன்ன கூலன்ட்டையே நிரப்பி, சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகே சாவியைத் தர வேண்டும்.