மேடு தட்டும் ஓடு: பழி ஏன் புரதத்தின் மேல்?

முட்டையை உடைத்துக்கொண்டு வரும் சல்காட்டா ஆமைக்குஞ்சு ஒரு சிறுவனின் உள்ளங்கையில் அடங்கிவிடும். அப்போது அதன் ஓடு மேடுபள்ளம் இல்லாத, வழவழப்பான ஒரு வளைவு. இரண்டு, மூன்று ஆண்டுகளில் அதே ஓட்டின் ஒவ்வொரு தகடும் தனித்தனிக் குன்றாக எழும்பி நிற்பதை உலகெங்கும் ஆமை வளர்ப்போர் பார்த்திருக்கிறார்கள். ‘பிரமிடிங்’ என்று அவர்கள் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். சிலர் அதை ஆமையின் இயல்பான அழகு என்றே நினைத்துவிடுகிறார்கள். அழகல்ல. குஞ்சுப் பருவத்தில் அந்த உயிர் வாடியதற்கான தழும்பு அது.

இதற்குப் பல பத்தாண்டுகளாகப் புரதத்தின் மேல்தான் பழி. புரதம் மிகுந்தால் ஓடு வேகமாக வளர்ந்து மேடு தட்டும் என்று வளர்ப்பு நூல்கள் எச்சரித்தன. கூடவே இன்னொரு அறிவுரையும் வந்தது: இது பாலைவன விலங்கு, ஆகவே கூண்டு உலர்ந்தே இருக்க வேண்டும். இவற்றை அக்கறையோடு கடைப்பிடித்தவர்கள் தீவனத்தைக் குறைத்தார்கள், தண்ணீரையும் குறைத்தார்கள். ஓடு மேடு தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

வியன்னாவைச் சேர்ந்த வீஸ்னர், ஈபன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. புதிதாகப் பொரிந்த 50 சல்காட்டாக் குஞ்சுகளைப் பிரித்து, வெவ்வேறு புரத அளவிலும் வெவ்வேறு ஈரப்பதத்திலும் ஐந்து மாதம் வளர்த்தார்கள். வறண்ட காற்றில் வளர்ந்தவற்றின் ஓட்டில் மேடுகள் உயரமாக எழும்பின. ஈரக்காற்றில் வளர்ந்தவற்றில் அவ்வளவு எழும்பவில்லை. புரதத்தின் பங்கு சிறிதளவே என்று தெரியவந்தது.

ஆமையின் ஓடு முதுகெலும்பும் விலா எலும்புகளும் இணைந்து உருவான கூடு. அதன் மேல் கெரட்டின் தகடுகள் போர்த்தியிருக்கின்றன. நம் நகத்தில் இருப்பதும் கெரட்டின்தான். ஒவ்வொரு தகடும் தன் விளிம்பில் புதிய அடுக்கைச் சேர்த்துக்கொண்டு அகலமாகிறது. காற்று வறண்டால் அந்தப் புது விளிம்பு விறைத்துவிடுகிறது. பக்கவாட்டில் பரவ வேண்டிய வளர்ச்சி கீழ்நோக்கித் திரும்ப, நடுப்பகுதி மேடாகிறது. அடியிலுள்ள எலும்பும் அதே வடிவத்துக்கு வளைந்துகொடுக்கிறது. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. எழும்பிய மேட்டை அமர்த்த வழியில்லை என்பதில் மட்டும் ஐயமே இல்லை. பராமரிப்பைத் திருத்தினால் இனி வளரும் பகுதி சமமாக வரும், அவ்வளவுதான்.

சல்காட்டாவின் தாயகம் சகாராவுக்குத் தெற்கே, செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் சாஹேல் நிலம். தரை காய்ந்து கிடக்கும் மாதங்களில் இந்த ஆமைகள் ஆழமான வளை தோண்டி உள்ளே போய்விடுகின்றன. வளைக்குள் மண்ணின் ஈரம் தங்கியிருக்கும். மேலே அடிக்கும் வெயிலை மட்டும் பார்த்து எழுதப்பட்டதே பழைய அறிவுரை. ஆமை தன் பெரும்பொழுதைக் கழிக்கும் இடத்தை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே குஞ்சுக்குத் தேவை வெதுவெதுப்பான ஈரம். முதல் இரண்டு ஆண்டுகள் கூண்டுக்குள் 80 விழுக்காடு ஈரப்பதம் இருக்க வேண்டும் என்பது அனுபவம் மிக்க வளர்ப்பாளர்களின் கணக்கு. மேற்புறம் திறந்த தொட்டியில் விளக்கைத் தொங்கவிட்டால் ஈரம் நிற்காது. மூடிய கூண்டுதான் சரி. தரையில் நனைத்த தேங்காய் நார்த்தூளைக் கனமாகப் பரப்பலாம். நாள்தோறும் கால் மணி நேரம், தாடை நனையும் அளவு வெதுவெதுப்பான நீரில் குஞ்சை விட வேண்டும்; அது குடிக்கும், கழிவையும் வெளியேற்றும். சென்னைக் கடற்காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லைதான். ஆனால் ஏசி ஓடும் படுக்கையறையின் மூலையில் வைத்த கூண்டுக்கு அந்தக் காற்று எட்டாது.

ஒரு கவனம். ஈரத்தோடு குளிர் சேரக் கூடாது. சேர்ந்தால் சளியும் நுரையீரல் தொற்றும் ஓட்டில் பூஞ்சையும் வரும். இரவிலும் 26 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் அந்த அச்சம் குறையும். ஓட்டில் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கும் பழக்கம் வேண்டாம். அது பார்ப்பவரின் கண்ணுக்கான பூச்சு. எண்ணெயில் தூசும் அழுக்கும் ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

உணவில் சிக்கல் குறைவு: அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓடு நல்ல சுண்ணாம்புச் சத்து. அந்தச் சத்து உடலில் சேர வெயிலின் புற ஊதாக் கதிர் தேவை. சன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும் என்பதால் வெயில் நேராகப் பட வேண்டும். அருகிலேயே நிழலும் இருக்க வேண்டும்.

நம் நாட்டு நட்சத்திர ஆமையின் கதை வேறு. காட்டிலேயே அதன் ஓடு ஓரளவு மேடு தட்டித்தான் இருக்கும். அதை வழவழப்பாக்க யாரும் முயல வேண்டியதில்லை. வீட்டில் வைத்திருக்கவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பின் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. வைத்திருந்து பிடிபட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. பன்னாட்டு வணிகத்துக்கும் 2019 முதல் தடை.

சல்காட்டா போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல், வன அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 விதிகள் சொல்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவு எண் கிடைத்ததால் கூண்டுக்குள் ஈரம் வந்துவிடாது. விற்பவர் ஒவ்வொரு குஞ்சுடனும் தமிழில் ஒரு பக்கப் பராமரிப்புக் குறிப்பு தருவதைக் கட்டாயமாக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானியைச் சேர்த்தே விற்கச் சொல்லலாம். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குஞ்சு வளர்ந்தால் 40, 50 கிலோ எடைக்கு வரும், அரை நூற்றாண்டுக்கு மேல் வாழும், அதற்கு மண்தரையோடு ஒரு தோட்டம் வேண்டும் என்பதையும் அந்தக் குறிப்பின் முதல் வரியிலேயே, பணம் கைமாறும் முன்னரே, வாங்குபவர் படித்திருக்க வேண்டும்.