கறளையும் சொல்லி விற்போம்

பழைய கார் விற்கிற விளம்பரங்களில் இப்போது அடிக்கடி ஒரு வரி வருகிறது: "திருத்தி எடுக்க விருப்பமுள்ளவருக்கு." அதன் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். கார் ஓடாது, கறள் பிடிச்சிருக்கு, மிச்சத்தை நேரில வந்து பாருங்கோ.

கீரிமலையில் அப்படி ஒன்றைப் பார்த்தோம். கூரை மடக்கும் மொறிஸ் மைனர். கன்வஸ் கூரை உக்கிப்போய்க் கம்பிச் சட்டம் மட்டும் நிற்கிறது. "இரும்பு விலைக்குத் தாங்கோ எண்டு கேக்கிறாங்கள் தம்பியவை" என்றார் வீட்டுக்கார ஐயா. இதே கார் கைமாறி, பெயின்ற் அடித்து, கொழும்பில் கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு நிற்கும்போது அதன் விலையை யாரும் கிலோவில் கேட்கமாட்டார்கள்.

விற்கக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. "எங்கட பாரம்பரியம் போகுது" என்று பேஸ்புக்கில் அழுகிறவர்கள் ஒரு ரயர் வாங்கித் தரப்போவதில்லை. கடலுக்குக் கிட்ட நிற்கிற இரும்பை உப்புக்காற்று தின்னத்தான் செய்யும். விற்கலாம், ஆனால் எல்லாத்தையும் சொல்லி விற்க வேண்டும்.

முதலில் கறள். மொறிஸ் மைனருக்குத் தனிச் சேசி இல்லை, உடம்புதான் சேசி. கூரை உள்ள காரில் கூரையும் பாரத்தில் பங்கெடுக்கும். கூரை மடக்குகிற காரில் அந்த வேலையும் கதவுக்குக் கீழே ஓடுகிற தகட்டுக்கும் அதற்குக் கொடுத்த மேலதிக இரும்புக்கும்தான். அது உக்கினால் கார் நடுவில் தொய்யும், கதவு சரியாய்ப் பூட்டாது. ஆகவே பொனற்றைத் துடைத்துப் படம் எடுப்பதை விட, காரைத் தூக்கி அடியைப் படம் எடுத்துப் போடுவதே நேர்மை. சாதாரணக் காரின் கூரையை வெட்டி இந்த வகை என்று விற்கிற ஆட்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். உண்மையான கூரை மடக்கும் மைனரை 1969 இலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் அதற்கு இவ்வளவு மவுசு.

பிறகு புத்தகம். 1990 ஜூனில் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது, 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. எத்தனை வீட்டில் காரின் புத்தகம் பத்திரமாய் இருக்கும்? புத்தகம் இல்லாட்டி விலையைப் பாதியாக்கிறது வாங்குகிறவரின் முதல் தந்திரம். பிரதி எடுக்கிற அலைச்சலை விற்க முன்னமே முடித்துக்கொள்வது நல்லது.

நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குக் கொஞ்சம் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் அதைத் தாங்கியது. ஒஸ்ரினும் மொறிசும் நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனது அப்படித்தான். உதிரிப்பாகம் வராதபோது கராஜ்காரர் கையாலேயே செய்தார்கள். அதே 1990களில் தென்னிலங்கையில் ஒரு பட்டறை மொறிஸ் மைனருக்குத் தகடு செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. இங்கேயோ ஒரு பற்றரிக்கு வழியில்லை.

கார் சேகரிக்கிறவர்களுக்கு 'ஒரிஜினல்' என்றால் இங்கிலாந்தில் தொழிற்சாலையால் வந்த நாளில் இருந்த மாதிரி. நாங்கள் பார்த்த காரில் போத்தல் கட்டின கம்பி வளையம் இன்னும் இருக்கிறது. தகரத்தில் அடித்த ஒட்டும் இருக்கிறது. திருத்துகிறவர் முதல் நாளே கழற்றி எறியப்போவது இவற்றைத்தான். ஆனால் ஸ்ரீ எழுத்துப் போட்ட இலக்கத்தகட்டை மட்டும் மினுக்கி வைத்துக்கொள்வார். அந்தச் சிங்கள எழுத்துக்கு எதிராக 1950களின் கடைசியில் இங்கே போராட்டமே நடந்தது அவருக்கு ஏன்!

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு ஓடுகிற எதற்கும் விலை ஏறியது. 2025 இல் திறந்துவிட்டாலும் வரியோடு சேர்த்துப் புதுக்கார் எங்கட சனத்துக்கு எட்டாத விலைதான். ஆகவே இரும்பு விலைக்குக் கேட்பவரிடம் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். கார் ஆரிடம் இருந்தது, எந்த வருசம் எந்த றோட்டால் போனது, ஆர் திருத்தினது என்று இரண்டு பக்கம் எழுதி ஒரு பிரதியைப் புத்தகத்தோடு கொடுங்கோ. எழுத ஆளில்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கோ, வருவோம். போத்தல் கட்டின வளையத்தை மட்டும் கழற்றி வீட்டில் வையுங்கோ. வாங்குகிறவர் அதைக் கேட்கமாட்டார்.