வண்டி உருண்டால் செய்தி பிழைக்குமா?

கூடலூர், கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில் உள்ள ஊர். பொழுது விடியும் முன்பே ஊர் விழித்துவிடுகிறது.

தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு பெண்கள் ஜீப்பில் ஏறுகிறார்கள். கேரள மலையில் உள்ள ஏலத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை. லோயர் கேம்பைத் தாண்டியதும் மலை ஏற்றம். வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மாலையில் ஜீப் திரும்பும் வரை வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதி இல்லை.

இது வீண் பயம் அல்ல.

2022-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி இரவு, சபரிமலை சென்று திரும்பிய ஆண்டிபட்டி பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் பாய்ந்தது. 8 பேர் மாண்டார்கள்.

இப்படி விபத்து நடக்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. வண்டிக்குள் இருப்பவர்கள் பிழைப்பார்களா? இது முதல் கேள்வி. "இங்கே வண்டி விழுந்து கிடக்கிறது" என்ற செய்தி பிழைத்து வெளியே வருமா? இது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்போர் குறைவு. மலைப்பாதையில் இரண்டும் ஒன்றுதான்!

மோதிப் பார்க்கும் சோதனை

புதிய கார் செய்யும்போது நிபுணர்கள் முதலில் அதைக் கம்ப்யூட்டரில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். காரைப் பல லட்சம் சிறு துண்டுகளாகப் பிரித்து, மோதும்போது எந்தத் துண்டு எவ்வளவு வளையும் என்று கணக்கிடுகிறார்கள். பிறகு பொம்மை மனிதர்களை உட்கார வைத்து நிஜக் காரையே மோதுகிறார்கள்.

இந்தியாவிலும் 2023-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் "பாரத் என்கேப்" என்ற சோதனை நடக்கிறது. மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகத்தில் காரைத் தடுப்பின் மீது மோதி, 5 நட்சத்திரம் வரை மதிப்பெண் தருகிறார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், பெல்ட் இல்லாத பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து போகும் தோட்டத் தொழிலாளரை எந்த நட்சத்திரமும் காப்பாற்றாது. வண்டி எத்தனை பேருக்குச் செய்யப்பட்டதோ, அத்தனை பேர்தான் ஏற வேண்டும்.

வலையும் கயிறும்

செய்தி பிழைக்குமா என்பதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க எஞ்சினீயர் பால் பாரன் 1964-ம் ஆண்டிலேயே இந்த வழியைக் காட்டினார். அணுகுண்டு விழுந்து பல நிலையங்கள் அழிந்தால், மீதி நிலையங்கள் ஒன்றோடு ஒன்று பேச முடியுமா? இதுதான் அவருடைய கேள்வி.

கணக்கில் நிலையங்களை ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தார். எல்லாக் கம்பிகளும் ஒரே நடு நிலையத்தில் சேர்ந்தால், அந்த ஒன்று போனதும் எல்லாம் போயிற்று. மீன் வலை போலக் கம்பிகளைப் பின்னி, குறைந்தபட்சம் தேவையானதைப் போல 3, 4 மடங்கு இணைப்பு கொடுத்தால், பாதி அழிந்தாலும் மிஞ்சியவை பேசிக்கொள்ளும் என்று கண்டார்.

கயிறு ஓர் இடத்தில் அறுந்தால் பயன் இல்லை. வலையில் நாலு கண்ணி அறுந்தாலும் மீன் தப்பாது!

பேசும் வண்டிகள்

இன்று வண்டிகளே ஒன்றோடு ஒன்று பேசும் கருவிகள் வந்துவிட்டன. "நான் இங்கே இருக்கிறேன்; இந்த வேகத்தில் வருகிறேன்" என்று ஒரு வினாடிக்கு 10 முறை வானொலி அலையில் சொல்கின்றன. சில நூறு மீட்டர் தூரத்தில் உள்ள வண்டி அதைக் கேட்கும். அடுத்த வண்டிக்கும் சொல்லும்.

சபரிமலை சீசனில் கார்கள் வரிசையாக ஊர்ந்து போகும்போது இந்தச் சங்கிலி அறாது. ஆனால் நள்ளிரவில் ஒரே ஒரு கார் வருகிறது. அது உருண்டுவிடுகிறது. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. மலையோ அலையை மறைக்கிறது. யாரிடம் பேசும்?

உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் இந்த வலை மெலிந்து கிடக்கிறது!

ஐரோப்பாவில் 2018-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதிக்குப் பிறகு அனுமதி பெறும் புதிய ரகக் கார்களில், மோதியவுடன் தானாகவே 112-ஐ அழைக்கும் கருவி கட்டாயம். மோதலிலும் கருவி உடையக்கூடாது என்று சோதிக்கிறார்கள்.

இந்தியாவில் 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் பதிவாகும் பொதுப் பிரயாண வாகனங்களில், இருப்பிடம் காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. ஆட்டோ போன்ற சில வாகனங்களுக்கு விலக்கு. சிக்னல் இல்லாத இடத்தில் இந்தக் கருவி செய்தியைச் சேர்த்து வைத்து, சிக்னல் கிடைத்த பிறகு அனுப்பும். ஓடும் பஸ்ஸுக்கு அது போதும். பள்ளத்தில் கிடக்கும் வண்டிக்குப் "பிறகு" என்பது எப்போது?

செய்ய வேண்டியது என்ன?

விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம். 2019-ம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமே இதைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021-ம் ஆண்டில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆம்புலன்ஸ் இருக்கிறது. சிகிச்சை இருக்கிறது. செய்தி போய்ச் சேர வேண்டாமா?

ஆகவே, லோயர் கேம்ப் முதல் குமுளி வரை பாதையை வளைவு வளைவாக அளந்து கணக்கிட வேண்டும். நள்ளிரவு என்று வைத்துக்கொள்ள வேண்டும். மழையில் ஒரு கோபுரம் பழுது என்றும் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் எந்த வளைவிலிருந்து செய்தி போகும், எதிலிருந்து போகாது என்று பார்க்க வேண்டும். போகாத வளைவில் ஓர் அலைக் கம்பம் நட வேண்டும். ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் கீழே ஒரு வழி, மேலே ஒரு வழி என்று இரண்டு வழி இருக்க வேண்டும். மலை உச்சியில் மாநில எல்லை இருப்பதால், செய்தி இரண்டு மாநிலத்துக்கும் போக வேண்டும்.

கம்பம் வரும் வரை மனிதர்களே கம்பம்! தடுப்புச் சுவர் உடைந்து கிடந்தால், வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்க வேண்டும். உதவி செய்பவரை வழக்கில் இழுக்கக்கூடாது என்று அதே சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பயப்படத் தேவையில்லை.

நாளை விடியும் முன்பும் கூடலூரில் ஜீப் புறப்படும். கணக்கை இன்று காகிதத்தில் போட்டால் செலவு கொஞ்சம். அதை மலைப்பாதையே போட விட்டால், விலை உயிர்!