கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதுமா?



தராசுக்கு முத்திரை வைக்க நாம் மறப்பதில்லை. வண்டிக்கு எப்.சி. எடுக்கும் தேதி நமக்கு மனப்பாடம். கடை ஷட்டர் கொஞ்சம் இறுகினால் உடனே கிரீஸ் தேடுகிறோம். ஆனால் கிட்டங்கியில் ஆணியில் தொங்குகிறதே, தூசிக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி, அதை எடுத்துப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று? பட்டை தொய்ந்து, உள்ளே ஒட்டியிருந்த பஞ்சு பிசுபிசுத்து உதிர்ந்து, முகப்பு முழுவதும் கீறல் விழுந்து அது தொங்கிக் கொண்டிருக்கும்.

கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில் ஒன்றே: "வாங்கிக் கொடுத்துவிட்டேன், ஆட்கள்தான் போட மாட்டேன் என்கிறார்கள்." ஏன் போட மாட்டேன் என்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கீறல் விழுந்த கண்ணாடி வழியே மூட்டை தெரியாது. உள்ளே ஆவி படிந்தால் படிக்கட்டு தெரியாது. பஞ்சு போன சட்டம் மூக்கை அறுக்கும். அப்படிப்பட்டதை நானும் போட மாட்டேன், நீங்களும் போட மாட்டீர்கள். ஆகவே, வாங்கிக் கொடுப்பதோடு முதலாளியின் கடமை முடிவதில்லை, அதைப் போடத் தகுந்த நிலையில் வைத்திருப்பதும் அவர் கடமைதான் என்பது என் கருத்து. அதற்கு ஆகும் செலவும் மிகச் சொற்பம்.

நம் பகுதிக்கு இது ஏன் முக்கியம்?

விருதுநகர் என்றால் வத்தல், மல்லி, பருப்பு. ஆனைக்குட்டத்தைச் சுற்றிச் சிவகாசி வரை பட்டாசு, தீப்பெட்டி, அச்சு. எல்லாமே கண்ணுக்குப் பகையான சரக்கு. வத்தல் காம்பு கிள்ளும் பெண்களுக்கும், கொட்டித் தூற்றிச் சாக்குப் பிடிக்கும் ஆட்களுக்கும் காரம் கண்ணில் ஏறாத நாள் இல்லை. மளிகைக் கடைக்காரர்கள் "நமக்கென்ன" என்று இருக்க வேண்டாம். மிளகாய்த் தூள் பொட்டலம் போடுவதும், பிளீச்சிங் பவுடர் பிரித்துக் கட்டுவதும், கழிவறை ஆசிட் பாட்டில் இறக்குவதும் நம் கடைப் பையன்கள்தானே?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெடி விபத்தைக் கண்ணாடி தடுக்காது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயினவே, அதற்கான பாடங்கள் வேறு. நான் பேசுவது தினசரி நடக்கும் சின்னக் காயங்களைப் பற்றி. தூசி, தெறிப்பு, சாக்குநார், தகர விளிம்பு இவற்றால் கெடும் கண்கள் பத்திரிகையில் செய்தியாக வருவதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே 35-ஆம் பிரிவில் கண் பாதுகாப்பைத் தனியாகச் சொன்னது. சட்டம் எழுதியவர்களுக்கு அன்றே இது தெரிந்திருக்கிறது.

பனிமலைக் கண்ணாடி

ராணுவத்திலிருந்து வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலரிடம் பனிமலையில் போடும் பெரிய கண்ணாடி ஒன்று இருக்கும். 1984 முதல் நம் படை சியாச்சினில் நிற்கிறது. புதிதாக விழுந்த பனி, சூரியனின் புறஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறுங்கண்ணோடு நின்றால் சில மணி நேரத்தில் கண் வெந்துவிடும். அதனால் அங்கே அது துப்பாக்கிக்குச் சமமான உடைமை. குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் போடுவதும் இதே வகைதான்.

பழசானபின் அது நம் ஊரில் மோட்டார் சைக்கிளுக்கும் கிட்டங்கிக்கும் வந்துவிடுகிறது. இதைப் போடலாமா என்று கேட்கிறார்கள். வெயிலில் வண்டி ஓட்டவும், களத்தில் தூற்றவும் தாராளமாகப் போடலாம். ஆனால் கறுப்புச் சாயம் ஏறிய கண்ணாடியைக் கிட்டங்கி இருட்டுக்குள் போட்டால் கால் இடறும். ஆசிட், பிளீச்சிங் கரைசல் கையாள அது கூடவே கூடாது, மேலே உள்ள காற்றுத் துளை வழியே திரவம் இறங்கிவிடும். அதற்கென்று மூடிய துளையுள்ள கண்ணாடி தனியாக உண்டு. மற்றபடி பனிமலைக் கண்ணாடியும் கிட்டங்கிக் கண்ணாடியும் ஒரே குடும்பம்தான். முகப்பு, சட்டம், பஞ்சு, பட்டை என்று நான்கே உறுப்புகள். பராமரிப்பும் ஏறக்குறைய ஒன்றே.

கழுவும் முறை

முகப்பு பெரும்பாலும் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். சுத்தியல் அடியைத் தாங்கும். ஆனால் தோளில் கிடக்கும் துண்டைத் தாங்காது! தூசியோடு சேர்த்து உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கும்போது ஒவ்வொரு மணல் துகளும் ஒரு கோடு போடுகிறது. நம் கண்ணாடிகளில் பாதி இப்படித்தான் சாகின்றன.

முதலில் தட்டி உதறவும். பிறகு தண்ணீரில் அலசவும். வத்தல் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயோடுதான் ஒட்டும். எனவே ஒரு சொட்டுத் திரவ சோப்பை விரலால் தடவி மறுபடி அலச வேண்டும். நிழலில் உலரவிட்டு, பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். சபீனாவும் தேங்காய் நாரும் பாத்திரத்தோடு நிற்கட்டும். பெட்ரோல், தின்னர் பட்டால் முகப்பில் மயிரிழை வெடிப்பு ஓடும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்பது வீண்பேச்சு. மேல் பூச்சு போய் முகப்பு மங்கும், அவ்வளவுதான்.

பனிமலைக் கண்ணாடியில் முகப்பு இரண்டு தகடாக, நடுவே காற்றுடன் இருக்கும். அதைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. நடுவில் ஈரம் புகுந்துவிட்டால், சரக்குப் பெட்டிகளில் வருகிறதே சிலிகா ஜெல் பொட்டலம், அதில் நாலைந்தை ஒரு டப்பாவில் போட்டுக் கண்ணாடியையும் உள்ளே வைத்து மூடவும். சில நாளில் ஈரத்தை இழுத்துவிடும். நாம் குப்பையில் எறியும் பொருளுக்கு ஓர் உபயோகம்.

உள்பக்கம் ஆவி படியாமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும். ஈரமாக இருக்கும்போது அதைத் தேய்த்தால் பூச்சு கையோடு வந்துவிடும். ஏற்கெனவே போய்விட்டதென்றால், சோப்பு நீரை மெலிதாகத் தடவிக் காயவைத்து மெதுவாக ஒற்றி எடுங்கள். அரைநாள் வேலைக்குத் தாங்கும்.

பஞ்சும் பட்டையும்

ஆனைக்குட்டம் அணையின் ஷட்டர் பழுதால் தண்ணீர் வீணான செய்தியை நாம் பத்திரிகைகளில் எத்தனையோ முறை படித்து அங்கலாய்த்திருக்கிறோம். அணை எவ்வளவு பெரிதானாலும் அடைப்பு சரியில்லையென்றால் நீர் நிற்காது. கண்ணாடிக்கு அந்த அடைப்பு வேலையைச் செய்வது பஞ்சு. வியர்வையிலும் வெக்கையிலும் அது மூன்று நான்கு வருடத்தில் பொடியாகிவிடும். அதோடு முழுக் கண்ணாடியையும் எறிந்துவிடுகிறோம்.

எறிய வேண்டாம். முகப்பைத் தனியே கழற்றிவிட்டு, பழைய பஞ்சை ஒரு மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். சட்டத்தைத் தாளில் வைத்து வரைந்து மாதிரி வெட்டுங்கள். மெத்தை, சீட் தைக்கும் கடையில் அரை அங்குலத்துக்கும் குறைவான மெல்லிய பஞ்சின் வெட்டுத்துண்டு கிடைக்கும். சில கடைகளில் சும்மாவே தருவார்கள். ரப்பர் பசையை இருபக்கமும் மெலிதாகத் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் பொருத்தி அழுத்துங்கள். வாடை முழுவதும் போகும்வரை, குறைந்தது ஒரு நாள், காற்றாட வைத்த பின்பே முகத்தில் மாட்ட வேண்டும். அவசரத்துக்கு ஒட்டும் பெவிக்குவிக் வகைப் பசை வேண்டாம். அதன் ஆவி பட்டால் முகப்பு வெள்ளையாகப் பூத்துவிடும்.

பட்டை தொய்வதற்குத் தலை எண்ணெயும் வியர்வையும் காரணம். வாரம் ஒருமுறை சோப்பு நீரில் அலசினாலே கூடுதல் காலம் உழைக்கும். தொய்ந்துவிட்டால் தையல் சாமான் கடையில் அதே அகல எலாஸ்டிக் வாங்கி, கொக்கியில் கோத்து, இரண்டு அங்குலம் மடித்து இரட்டைத் தையல் போட்டால் முடிந்தது. இரண்டு டீயின் விலைதான் ஆகும்.

பட்டாசு ஆலைக்குக் கொடுக்கும் கண்ணாடி என்றால் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். உலோகக் கொக்கி வேண்டாம், பிளாஸ்டிக் கொக்கியே போதும். மருந்து கலக்கும் அறைக்குள் பிளாஸ்டிக்கை உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகும். ஆகவே துடைப்பது, மாட்டிச் சரிபார்ப்பது எல்லாம் வெளியிலேயே, ஈரப் பருத்தித் துணியால் நடக்க வேண்டும். போர்மேனைக் கேட்காமல் எந்த மாற்றமும் செய்யக் கூடாது.

எங்கே சிக்கனம் கூடாது?

பஞ்சிலும் பட்டையிலும் சிக்கனம் பிடிக்கலாம். முகப்பில் பிடித்தால் அது கருமித்தனம். முகப்பில் வெடிப்பு ஓடினால், விளிம்பில் மயிரிழைக் கோடுகள் தெரிந்தால், ஒருமுறை பலத்த அடி வாங்கியிருந்தால், நடுப்பார்வையில் ஆழமான கீறல் இருந்தால், சட்டத்தில் முகப்பு ஆடினால், அன்றே கழித்துவிடுங்கள். எம்-சீல், செலோ டேப் வைத்தியம் வேண்டாம். குளிர்பான பாட்டிலை வெட்டிச் செருகுவது, ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து மாட்டுவது போன்ற கெட்டிக்காரத்தனம் கண்ணையே குத்தும். கழித்ததை இரண்டாக உடைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி யாராவது எடுத்து மாட்டுவார்கள். புதிது வாங்கும்போது ஐ.எஸ். 5983 அல்லது இசட் 87 என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, ஆளுக்கு ஒரு கண்ணாடி என்பதில் கணக்குப் பார்க்கக் கூடாது. ஒன்றை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டால் காப்பாற்றுவது பாதி, பரப்புவது பாதி. 1918-இல் சென்னையில் கண்டறியப்பட்டதால் மெட்ராஸ் ஐ என்று பெயர் பெற்ற கண்வலி, ஒரு கிட்டங்கிக்குள் புகுந்தால் ஒரு வாரம் வேலை நின்றுவிடும். பட்டையில் பெயரெழுத்தை எழுதி, ஆளுக்கொரு துணிப் பையில் போட்டு, வெயில் படாத இடத்தில் மாட்டி வையுங்கள். கோடையில் தகரக் கூரைக்கு அடியில் கிடந்தால் புதுக் கண்ணாடியும் சீக்கிரம் கிழடாகும்.

எல்லாம் செய்தும் காரத்தூள் கண்ணில் விழுந்துவிட்டால், கசக்க விடாமல் சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரம் ஊற்றிக் கழுவி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். பால், எண்ணெய் விடவேண்டாம். கூரான பொருள் குத்தியிருந்தால் கழுவவும் கூடாது, அழுத்தவும் கூடாது. அழுத்தம் படாமல் மூடி உடனே கண் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

சங்கம் செய்யக்கூடியது

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் இரண்டு டஜன் கண்ணாடி கொள்முதல் செய்தேன். மாற்று முகப்பு மட்டும் கேட்டபோது, "உதிரி கிடையாது, புதுசு எடுங்கள்" என்று பதில் வந்தது. ஒரு கடைக்காரன் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். நூறு கடை சேர்ந்து கேட்டால் உதிரியும் வரும், விலையும் இறங்கும். ஆகவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். முதலாவது, உதிரி முகப்பு கிடைக்கும் ரகத்தையே மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் தருவது. இரண்டாவது, ஆண்டுக்கு இருமுறை ஒரு விடுமுறை நாளில் ஒரு தையல்காரரையும் ஒரு மெத்தைக் கடைக்காரரையும் சங்கக் கட்டிடத்தில் உட்காரவைத்துப் பழைய கண்ணாடிகளைச் சீர்செய்து கொடுப்பது. மூன்றாவது, சில்லறை மளிகைக்காரர்கள் பெவிக்கால் விற்கிற பலகையிலேயே எலாஸ்டிக் பட்டையையும் பஞ்சுத் துண்டையும் தொங்கவிடுவது. நாலு காசு லாபமும் உண்டு.

மலிவு என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு மதுரையைக் காட்டுகிறேன். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இறக்குமதியில் எட்டாத விலை விற்ற கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை, 1992-இல் தொடங்கிய ஆரோலேப் மதுரையிலேயே செய்து, அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு இறக்கியது. தரத்தைக் குறைக்காமலே செலவைக் குறைத்துக் காட்டினார்கள். கணக்குத் தெரிந்த வணிகர்கள் நாம் ஒரு பட்டையையும் பஞ்சையும் மாற்ற முடியாதா?

பழைய கண்ணாடியைச் சீர்செய்ய ஆகும் செலவு நம் சிட்டையில் ஒரு வரிகூட நிரம்பாது. வத்தல் கிள்ள வரும் அம்மாவுக்குக் கண் போனால் அவர் வீட்டில் சம்பாத்தியமே நின்றுவிடும். அந்த நஷ்டத்தை எழுத நம் பேரேட்டில் பத்தி கிடையாது. அன்பர்கள் இந்த வாரமே கிட்டங்கி ஆணியில் தொங்கும் கண்ணாடிகளை எண்ணி, தேறுவது எத்தனை, கழிப்பது எத்தனை என்று பிரித்து, அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கணக்கையும் கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.