சீன மாணாக்கரும் ஆங்கில இலக்கணமும்

"நேற்று நான் சந்தைக்குப் போ" என்று ஒரு பிள்ளை எழுதினால் நாம் நகைப்போம். ஆனால் சீன பாஷையின் போக்கே ஏறக்குறைய அதுதான். நேற்றானாலும் நாளையானாலும் வினைச்சொல்லின் உருவம் மாறுவதில்லை. செயல் முடிந்ததென்று காட்ட 'ல' என்ற சிறு இடைச்சொல் சேர்ந்தால் போதும். அவன், அவள் இரண்டுக்கும் வாயால் சொல்வது 'தா' என்ற ஒரே ஒலி, எழுத்தில்தான் வேற்றுமை.

அப்பாஷையில் வளர்ந்த மாணாக்கன் 'கோ', 'வென்ட்', 'கான்' என்று உருப்போடுகிறான். உயர்நிலைப் பள்ளி முடிவில் 'காவ்காவ்' என்னும் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சை காத்திருக்கிறது. பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மார்க்கு. ஆங்கிலத்துக்கு மட்டும் 150. ஆகவே சொற்பட்டியலை நெட்டுருச் செய்வதிலேயே பொழுது கழிந்துவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் அப்பரீட்சையிலேயே இருக்கிறது. ஒரு கதையில் சில சொற்களை நீக்கிவிட்டு, ஒவ்வோரிடத்துக்கும் நான்கு சொற்கள் கொடுத்து, பொருந்துவதை எடுக்கச் சொல்கிறார்கள். விடையை ஊகிக்க அவசரப்படாமல், முதலில் கதை முழுவதையும் வாசிக்கட்டும். எது முன் நடந்தது, எது பின் நடந்தது என்று தன் பாஷையிலேயே சொல்லட்டும். பிறகு ஆங்கில வினைகளைப் பார்த்தால், அவை உருமாறுவதன் காரணம் தானே விளங்கும். இலக்கணம், சொல், வாசிப்பு மூன்றும் ஒரே பாடமாகிவிடும்.

தமிழிலும் 'தி' என்ற சொல்லுக்கு நேரானது இல்லை. அதை விட்டெழுதிய நம் பிள்ளைகளின் நோட்டுகளில் எவ்வளவு சிவப்பு மை கொட்டியிருக்கிறோம்! பிழையை அடிக்குமுன், அதன் பின்னே நிற்கும் தாய்மொழியைச் சற்று எண்ணிப் பார்ப்போமாக.