கரையேறினால் போதுமா?

திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய கதையை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். கல் மிதந்தது, அவர் கரையேறினார். அவர் கரையேறிய இடமென்று கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்ற ஊரே இருக்கிறது. கதை அங்கே சுபமாக முடிகிறது.

ஆனால் மனிதரைத் தண்ணீரில் தள்ளிக் கொல்லப் பார்க்கும் கொடுமை பழங்கதையோடு போய்விடவில்லை. குடும்பச் சண்டையில் தொட்டித் தண்ணீரில் தலையை அமுக்குகிறார்கள். பணத் தகராறில் கிணற்றில் தள்ளுகிறார்கள். பிழைத்தவரைப் பற்றி "உயிர் தப்பினார்" என்று பத்திரிகையில் ஒரு வரி வரும். அப்புறம் அவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை.

நிக்டியில் வாழும் நமக்கு ஒரு பக்கம் பவனா, மறுபக்கம் இந்திராயணி. இந்த விஷயம் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் நாள்

தண்ணீரிலிருந்து தூக்கப்பட்டவர் எழுந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டால், "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்கிறோம். இது தவறு. நுரையீரலில் கொஞ்சம் தண்ணீர் போயிருந்தாலும், மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்து வரலாம். நன்றாக இருப்பதாகத் தோன்றுபவரையும் 6 முதல் 8 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

அடுத்த நாட்கள்

சாக்கடை கலந்த தண்ணீர் உள்ளே போயிருந்தால் நிமோனியா வரலாம். காய்ச்சல், இருமல், நெஞ்சு வலி கண்டால் உடனே திரும்பிப் போக வேண்டும். மூளைக்குப் பிராணவாயு குறைந்திருந்தால் மறதியும், கவனக் குறைவும், காரணமில்லாத கோபமும் வாரக்கணக்கில் நீடிக்கலாம். மெஷின் முன் நிற்கும் தொழிலாளிக்கும் கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கும் இது பிழைப்பையே கெடுத்துவிடும்.

தவறி விழுந்தவருக்கும் அமுக்கப்பட்டவருக்கும் வித்தியாசம் உண்டு. கழுத்தைப் பிடித்து அமுக்கியிருந்தால் ரத்தக் குழாய் காயப்பட்டிருக்கலாம்; சில நாள் கழித்துப் பக்கவாதம் கூட வரலாம். "வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னால் டாக்டர் கழுத்தைப் பார்க்க நினைக்க மாட்டார். ஆனாலும் பெண்கள் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். அமுக்கிய கை பக்கத்திலேயே நிற்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? ஆகவே டாக்டர் அவரைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

மனக்காயம் இன்னொன்று. குளிக்கப் பயம்; தூக்கத்தில் மூச்சு முட்டி அலறல். இதைப் பைத்தியம் என்று பட்டம் கட்டி ஒதுக்கக் கூடாது. இதற்கும் வைத்தியம் உண்டு. 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

போலீஸ் நடைமுறையைக் காரணம் காட்டி அவசர சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று 1989இல், பரமானந்த் கட்டாரா வழக்கில், சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆசிட் வீச்சிலும் பாலியல் பலாத்காரத்திலும் பாதிக்கப்பட்டோருக்கு அரசு, தனியார் ஆஸ்பத்திரிகள் எல்லாமே இலவச சிகிச்சை தர வேண்டும் என்று 2013இல் சட்டம் வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397ஆவது பிரிவும் அதையே சொல்கிறது.

ஆனால் நீரில் அமுக்கப்பட்டுப் பிழைத்தவர் அந்தப் பட்டியலில் இல்லை! கொலை முயற்சிக்கு ஆளானவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். சிகிச்சை முதல் நாளோடு நிற்காமல், மறுபரிசோதனைக்கும் மனநல வைத்தியத்துக்கும் நீள வேண்டும். இதுவே நமது கோரிக்கை.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 396ஆவது பிரிவின்படி, போலீஸ் நிலையப் பொறுப்பு அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ சான்று கொடுத்தால், மாவட்ட சட்டப்பணி ஆணையம் இலவச சிகிச்சைக்கு உத்தரவிடலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளியின் மனைவி மக்களுக்கும் அதில் சிகிச்சை உண்டு. பிம்ப்ரியில் கார்ப்பரேஷன் நடத்தும் யஷ்வந்த்ராவ் சவாண் ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

நம் கடமை

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு மொழிதான் முதல் தடை. மூச்சு வாங்கும் நிலையில், பயத்தில் நடுங்கும் ஒரு தமிழ்ப் பெண் மராத்தி டாக்டரிடம் நடந்ததை எப்படி விளக்குவாள்? அடித்தவனே மொழிபெயர்த்தால் கேஸ் பேப்பரில் என்ன எழுதப்படும்? மராத்தியோ இந்தியோ தெரிந்த பக்கத்து வீட்டு அக்காவோ, சங்கத்து அண்ணனோ உடன் போக வேண்டும். கேஸ் பேப்பரைப் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்த முறை வரச் சொன்ன தேதியை நினைவுபடுத்த வேண்டும்.

"அது அவர்கள் குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்திக் கொள்வது சுலபம். ஆனால் பிழைத்தவர் திரும்பிப் போவது பெரும்பாலும் அதே வீட்டுக்கு, அதே தண்ணீர்த் தொட்டிக்கு. அந்த இரண்டாவது ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு அவரோடு அரை நாள் லீவு போட்டுப் போக நம்மில் எத்தனை பேர் தயார்?