தலையெழுத்தா, கையெழுத்தா?

ஒரு பிள்ளைக்குக் கண் பார்வை மங்கலாயிருந்தால் கண்ணாடி வாங்கிப் போடுகின்றோம். கால் ஊனமாயிருந்தால் கோல் கொடுக்கின்றோம். காது மந்தமாயிருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து உரக்கப் பேசுகின்றோம். ஆனால் அதே பிள்ளைக்கு எழுத்து மாத்திரம் கைக்கு வரவில்லையென்றால், நம்முடைய அறிவு வேலை செய்வதில்லை. பிரம்புதான் வேலை செய்கின்றது. பிரம்பும் பலிக்காவிட்டால், “அவன் தலையெழுத்து அவ்வளவுதான்” என்று சொல்லிக் கைகழுவிவிடுகின்றோம். இப்படிச் சொல்லுகின்றவர்கள் வைதீகர்கள் மாத்திரமாயிருந்தால் நாம் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டோம். நம்மவர்களே சொல்லுகின்றார்கள் என்பதற்காகவே இதை எழுதுகின்றோம்.

நமது தோழர் ஒருவர் சைக்கிள் கடை வைத்திருக்கின்றார். தலைவிதி என்பது சோம்பேறிகளும் சூழ்ச்சிக்காரர்களும் கட்டிய கதை என்று மேடையில் நன்றாகப் பேசக்கூடியவர். அவருடைய மகனுக்கு வயது 12, ஏழாம் வகுப்பு. சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, கம்பிகளைச் சரி பார்த்து, கோணலில்லாமல் திரும்பப் பூட்டிவிடுவான். சில்லறைக் கணக்கை நாம் யோசிப்பதற்குள் சொல்லிவிடுவான். நமது பத்திரிகையை யாராவது படித்துக் காட்டினால், அதில் உள்ள விஷயத்தை மறுநாள் வரிசை தப்பாமல் சொல்லுவான். ஆனால் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாலோ, ஒரு மணி நேரத்தில் இரண்டு வரி. ஒற்றைக் கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் இரட்டைக் கொம்பு, புள்ளி இருக்காது, எழுத்து கோட்டைவிட்டு மேலேயும் கீழேயும் போகும். உபாத்தியாயர் அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். பிள்ளைகள் “மக்கு” என்று பேர் வைத்தார்கள். கடைசியில் தகப்பனாரும், “அவனுக்குப் படிப்பு ஏறாது, கடையிலேயே உட்காரட்டும்” என்று நிறுத்திவிட்டார். அவர் மீது மாத்திரம் குற்றம் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. இரண்டு வருஷத்திற்கு முன் அவர் நம்மிடம் யோசனை கேட்டபோது, “சோம்பேறித்தனம்தான், கண்டித்து வையுங்கள்” என்று சொன்னவர்கள் நாமே. அது அறியாமையால் சொன்னது, தவறு.

தோழர்களே! “படிப்பு வராது” என்ற இந்த வார்த்தை யாருடைய வார்த்தை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்முடைய பாட்டனைப் பார்த்தும், அவன் பாட்டனைப் பார்த்தும் சொல்லப்பட்ட வார்த்தையல்லவா இது? உழுகிறவன் மகனுக்கும், வெளுக்கிறவன் மகனுக்கும், செருப்புத் தைக்கிறவன் மகனுக்கும் சரஸ்வதி நாக்கில் குடியேறமாட்டாள் என்று சொல்லித்தானே ஆயிரக்கணக்கான வருஷம் பள்ளிக்கூடத்தின் கதவைச் சாத்திவைத்தார்கள்? 1953-ம் வருஷத்தில் ஆச்சாரியார், பிள்ளைகளுக்கு அரைநாள் படிப்பு, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பேர் வைத்து நாடெங்கும் எதிர்த்தது நமது இயக்கம். 1954-ல் அந்தத் திட்டம் ஒழிந்தது. ஆச்சாரியாராவது அரைநாள் பள்ளிக்கூடத்தை விட்டுவைத்தார். நமது தோழரோ தன் மகனுக்கு முழுநாளும் குலக்கல்வி கொடுத்துவிட்டார்! ஒரு ஜாதிக்குத் தலையெழுத்து இல்லை என்றால் ஒரு பிள்ளைக்கு மாத்திரம் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்தக் குறை என்னவென்று விஞ்ஞானம் சொல்லுவதைப் பார்ப்போம். 1896-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற வைத்தியர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அவன் புத்திசாலி, கணக்கு நன்றாக வரும், கண்ணிலும் குற்றமில்லை, ஆனால் தன் பெயரைக்கூட எழுத்து மாற்றித்தான் எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே இருந்தால் இவன்தான் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரனாயிருப்பான் என்று அவனுடைய உபாத்தியாயர் சொன்னதாகவும் அவர் எழுதியிருக்கின்றார். இது நடந்து நூற்று இருபது வருஷத்துக்கு மேலாகின்றது. படிப்பதில் வரும் இந்தக் குறைக்கு டிஸ்லெக்சியா என்றும், எழுதுவதில் வருவதற்கு டிஸ்கிராபியா என்றும் இன்று பேர். எழுதுவது என்பது ஒரே வேலையல்ல. ஒலியை நினைக்கவேண்டும், அதற்குரிய வடிவத்தை நினைக்கவேண்டும், விரலை அப்படியே ஓட்டவேண்டும், கோட்டில் நிறுத்தவேண்டும், இவ்வளவுக்கும் நடுவில் சொல்லவந்த கருத்தையும் மறக்காமலிருக்கவேண்டும். சிலருக்கு மூளையில் இவை ஒன்றோடொன்று சீக்கிரம் கூடுவதில்லை. அறிவுக்கும் இதற்கும் சம்மந்தமில்லை. சில குடும்பங்களில் இது வழிவழியாகவும் வருகின்றது. அதற்குக் காரணம் பூர்வ ஜென்ம வினையல்ல. மூக்கும் நிறமும் வருவதுபோல் வருகின்றது, அவ்வளவே. மருந்தால் தீருவதல்ல, ஆனால் தக்க முறையில் சொல்லிக்கொடுத்தால் பெரிதும் சமாளிக்கலாம். எவ்வளவு இளமையில் கண்டுபிடிக்கின்றோமோ அவ்வளவுக்கு நல்லது.

ஆனால் நம் நாட்டில் பெற்றோர் முதலில் போவது எங்கே? சோதிடனிடம். அவன் புதன் சரியில்லை என்பான். அடுத்தபடி கோயில். பேனாவைச் சாமி காலடியில் வைத்துப் பூஜை செய்து கொண்டுவருகின்றார்கள். பேனாவுக்கா வியாதி? பிறகு ஞாபகசக்தி லேகியம். அந்தப் பையனுக்கு ஞாபகசக்தியில் என்ன குறை? இத்தனை காசும் இத்தனை வருஷமும் வீணானபிறகு, “எல்லாம் செய்து பார்த்தோம்” என்று பெருமூச்சு விடுகின்றார்கள். பெண் பிள்ளையாயிருந்தால் இந்த அளவுக்குக்கூடக் கவலைப்படுவதில்லை. “அடுப்படிக்கு இது போதும்” என்று நிறுத்திவிடுகின்றார்கள்.

எழுத்து மனிதனுக்காக ஏற்பட்டதேயொழிய, மனிதன் எழுத்துக்காக ஏற்பட்டவனல்ல. இந்தக் கொள்கையை முன்னிட்டுத்தான் பெரியார் 1935-ல் ‘குடிஅரசு’ பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தம் செய்தார். துதிக்கைபோல் சுழித்து எழுதிய ‘ணை’, ‘லை’ முதலிய எழுத்துக்களை, படிக்கிறவனுக்கும் அச்சுக் கோர்க்கிறவனுக்கும் சுலபமாகும்படி மாற்றினார். பண்டிதர்கள் தமிழ் கெட்டுவிட்டது என்று கூச்சலிட்டார்கள். 1978-ல் சர்க்காரே அதை ஒப்புக்கொண்டது, தமிழ் கெட்டுவிடவில்லை. எல்லோருக்குமாக எழுத்தையே மாற்றத் துணிந்த இயக்கத்தார், ஒரு பிள்ளைக்காகப் பரீட்சை முறையைக் கொஞ்சம் மாற்றச் சொல்லத் தயங்கலாமா?

மாற்றச் சொல்லுவதற்குச் சட்டமும் இருக்கின்றது. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனம் நோக வதைப்பதையும் தடுக்கின்றது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கின்றது. சர்க்கார் பணமோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிக்கூடங்கள் இக்குறையைக் கூடிய சீக்கிரம் கண்டுபிடித்துத் தக்க முறையில் போதிக்க வழிசெய்யவேண்டும் என்பது அதன் 16-வது பிரிவு. பரீட்சையில் அதிக நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாவது மூன்றாவது மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு வழி சொல்லுவது 17-வது பிரிவு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் வியாதியுள்ள ஒருவருக்கு, 40 சதவிகித ஊனம் இல்லையென்று சொல்லி எழுதுபவர் மறுக்கப்பட்டதை, 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தவறென்று தீர்ப்பளித்தது. அதே வருஷம் நவம்பரில், நீட் தேர்வில் டிஸ்கிராபியா உள்ள ஒரு மாணவிக்குக் கூடுதல் ஒரு மணி நேரத்தைக் கொடுக்காமல் விடைத்தாளைப் பிடுங்கியது அநீதி என்றும் அது சொல்லிற்று.

ஆகவே பெற்றோர் செய்யவேண்டியது இதுதான். பிள்ளையின் நோட்டுகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போங்கள். வாயால் மாத்திரம் சொல்லாமல் மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கொண்டு பிள்ளையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு சர்க்கார் ஆஸ்பத்திரி வைத்தியக் குழுவின் முன் பரிசோதனை செய்து சான்றிதழ் பெறலாம். எட்டு வயதுக்கு முன் எழுத்துத் தடுமாறுவது பல பிள்ளைகளுக்கும் சகஜமானபடியால், அந்த வயதுக்குப் பிறகே சான்று கொடுப்பது வழக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நெருங்கும்வரை காத்திராதீர்கள். கேட்டும் பயனில்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருக்கின்றார். மாநில ஆணையர் இருக்கின்றார்.

உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்பது பிள்ளைகளை ஒருவர் கட்டி மேய்ப்பதன் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. பலகையில் எழுதியதைக் காப்பி செய்யச் சொல்லுவதற்குப் பதில் எழுதிய தாளையே கொடுங்கள். பத்துக் கேள்விக்குப் பதில் மூன்று எழுதச் சொல்லி, மீதியை வாயால் கேளுங்கள். விஞ்ஞானப் பாடத்தில் விஞ்ஞானத்திற்கு மார்க்குப் போடுங்கள். கொம்புக்கும் புள்ளிக்கும் தமிழ்ப் பாடத்தில் பார்த்துக்கொள்ளலாம். எழுத்துப் பயிற்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. அது தினம் கொஞ்சம் தனியாக, பொறுமையாக நடக்கட்டும். பிறர் முன்னிலையில் அவன் நோட்டைத் தூக்கிக் காட்டிச் சிரிக்காதீர்கள்.

“ஒருவனுக்கு மாத்திரம் அதிக நேரம் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயமல்லவா? திறமை கெட்டுவிடாதா?” என்று சிலர் கேட்பார்கள். வகுப்புவாரி உரிமை கேட்டபோதும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். கண்ணாடி போட்டவன் பரீட்சை எழுதினால் மற்றவர்களுக்கு அநியாயமா? அவனுக்குக் கண்ணாடி விடையைச் சொல்லிக்கொடுப்பதில்லை, கேள்வித்தாளைக் காட்டுகின்றது. அதுபோல அதிக நேரமும் விடை சொல்லிக்கொடுப்பதில்லை. தெரிந்ததைத் தாளில் கொண்டுவர விடுகின்றது. இது பிச்சையல்ல, உரிமை.

சென்ற மாதம் நமது தோழர் மகனை மறுபடியும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். மனுவைக் கண்டதும் முதலில் முகஞ்சுளித்தார்கள். சட்டத்தின் பிரிவைக் காட்டியபின் வாங்கிக்கொண்டார்கள். விஞ்ஞான உபாத்தியாயர் அவனை வாய்மொழியாகக் கேட்டிருக்கின்றார். இருதயத்தின் நான்கு அறைகளையும், ரத்தம் எதிலிருந்து எதற்குப் போகின்றது என்பதையும் தப்பில்லாமல் சொன்னானாம். அவன் எழுத்து இன்னும் கோணலாகத்தான் இருக்கின்றது; சீக்கிரம் நேராகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் வகுப்புக்கு வெளியே நின்ற பையன் உள்ளே உட்கார்ந்திருக்கின்றான். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை மளிகைக் கடையிலோ, தறியிலோ, அடுப்படியிலோ இருக்கும். அடுத்த கூட்டத்தில் தலையெழுத்து இல்லையென்று பேசப்போகின்ற தோழர்கள், அதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு நடை போய் வரும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.